புரோகிராமிங் படிக்க மின்னூலா, இணையமா?

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளிவருகின்ற ஒவ்வொரு முறையும் என்னிடம் பெற்றோர் கேட்கின்ற கேள்வி ஒன்று உண்டு. "மகன் கம்பியூட்டர் புரோகிராமிங் படிக்கப் போகிறானாம். புத்தகம் எடுத்துக் கொடுப்பதா, இன்டர்நெட் போட்டுக் கொடுப்பதா, இல்லாவிட்டால் காசு கட்டி வகுப்பில் சேர்த்து விடுவதா?" அண்மைக் காலமாக மகள்மாருக்காகவும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலானோர் கடை வைத்திருப்பவர்கள். எந்தச் சரக்கை எங்கே எடுத்தால் கட்டும், எது தேங்கும் என்று பார்த்துப் பழகியவர்கள். ஆனால் இந்தச் சரக்கு அவர்களுக்குப் புதிது.

நான் யாழ் நகரில் சிறு கடைகளுக்கு பில் போடுவதற்கும் இருப்புக் கணக்குப் பார்ப்பதற்கும் மென்பொருள்கள் செய்து கொடுத்து வருபவன். வேலை பழக என்னிடம் வருகின்ற பிள்ளைகள் எதைப் படித்துவிட்டு வருகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்க்கின்ற வாய்ப்பு எனக்குண்டு. அதை வைத்து இக்கேள்விக்கு ஒரு வியாபாரக் கணக்காகவே விடை சொல்லப் பார்க்கிறேன்.

நம் நாட்டில் உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் நீண்ட காத்திருப்பு இருக்கிறது. அந்த மாதங்கள்தான் பிள்ளையின் கையிலிருக்கும் முதல். ஒழுங்காகப் போட்டால் ஒரு தொழில் கைக்கு வரும். அங்குமிங்கும் சிதறினால் ஒன்றும் மிஞ்சாது. அதிலும் யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு இது சற்றுக் கூடுதலான முக்கியத்துவமுடையது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ் நகரை விட்டு வெளியேற்றப்பட்டபோது கடையும் காணியும் சரக்கும் இங்கேயே நின்றுவிட்டன. 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் திரும்பி வந்த குடும்பங்களில் பல, இன்றும் ஒரு காலை சோனகத் தெருவிலும் மறு காலைப் புத்தளத்திலும் வைத்துக்கொண்டுதான் வாழ்கின்றன. இரண்டு ஊருக்கும் கொண்டு போகக்கூடிய தொழில் என்றால் அதை யாரும் இலேசாக எண்ணிவிட முடியாது. அதைப் படிக்கின்ற வழியும் இரண்டு ஊருக்கும் ஒத்து வருவதாக இருக்க வேண்டும்.

இரண்டும் என்ன?

மின்னூல் என்பது ஒரு முறை இறக்கிக்கொண்டால் பிறகு இணைப்பே இல்லாமல் திறந்து வாசிக்கக்கூடிய புத்தகம். பீ.டி.எப்., ஈபப் என்ற இரண்டு வடிவங்களில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. பீ.டி.எப். அச்சுப் பக்கத்தை அப்படியே காட்டும். ஈபப், திரையின் அளவுக்கேற்ப எழுத்துகளை ஒழுங்குபடுத்திக் கொள்ளும்.

இணைய வளம் என்று பொதுவாகச் சொல்லும்போது அதற்குள் ஐந்தாறு வகைகள் அடங்குகின்றன. எம்.டி.என்., பைதன் ஆவணத்தளம் போன்றவை பொருள் தேடிப் பார்க்கின்ற அகராதிகள். டபிள்யூ3ஸ்கூல்ஸ் போன்றவை சிறுசிறு பாடங்கள். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் சீ.எஸ்.50, 2014இல் தொடங்கப்பட்ட பிரீகோட்கேம்ப் போன்றவை தொடக்கம் முடிவு உள்ள முழுப் பாடநெறிகள். யூடியூப் காணொளிகள் தனி. சந்தேகம் கேட்டுப் பதில் பெறுகின்ற ஸ்டாக் ஓவர்ஃபுளோ தனி. 2022 நவம்பரில் வெளிவந்த சட்ஜிபிடியும் அதற்குப் பின்னர் வந்த செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும் இன்னொரு வகை. எனவே "இணையத்தில் படிக்கிறேன்" என்று பிள்ளை சொன்னால், இவற்றில் எதில் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் படிப்பும் தெளிவாக நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மின்னூல் தருவது வரிசை

புதிதாகப் படிப்பவருக்குத் தேவையானது எது, தேவையில்லாதது எது என்று அவருக்கே தெரியாது. நல்ல புத்தகத்தின் ஆசிரியர் அதைத் தீர்மானித்து வைத்திருக்கிறார். மாறி, நிபந்தனை, திரும்பச் செய்தல், சார்பு, கோப்பு என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகிறார். மூன்றாம் அத்தியாயம் விளங்காவிட்டால் இரண்டாவதற்குத் திரும்பலாம். இணையத் தேடலில் இந்தப் படிக்கட்டு இல்லை. தேடுகின்ற சொல்லுக்குத்தான் பதில் வரும். எதைத் தேட வேண்டும் என்று தெரியாதவருக்கு அது உதவாது.

இன்னொரு செய்தி, நல்ல புத்தகங்களில் சில சட்டபூர்வமாகவே இலவசம். பைதன் மொழிக்கு அலன் டவுனி எழுதிய "திங்க் பைதன்" நூலை அவரே இணையத்தில் இலவசமாகத் தருகிறார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் செவரன்ஸ் எழுதிய "பைதன் ஃபொர் எவ்ரிபடி" மின்னூலாகவும் காணொளிப் பாடநெறியாகவும் கிடைக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் படிப்பவர்களுக்கு மரைன் ஹாவர்பெக்கின் "எலக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்" இருக்கிறது. அதன் நான்காம் பதிப்பு 2024இல் வந்தது. கடைக்காரரின் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது அல் ஸ்வைகார்ட்டின் "ஓட்டோமேட் த போரிங் ஸ்டஃப் வித் பைதன்" என்ற நூலை. எக்செல் தாள்களைத் திறந்து கூட்டுவது, பீ.டி.எப். கோப்புகளைக் கையாள்வது, நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே தடவையில் பெயர் மாற்றுவது என்று கடையிலும் கந்தோரிலும் தினமும் செய்கின்ற வேலைகளை வைத்தே அது சொல்லிக் கொடுக்கிறது. அதை ஆசிரியரின் தளத்தில் காசு கொடுக்காமல் வாசிக்கலாம்.

இவ்வளவு இருக்கும்போது உரிமையில்லாத பிரதிகளைப் பென் டிரைவில் நிரப்பிக்கொண்டு திரிய வேண்டிய தேவை இல்லை. நாளை தான் செய்த மென்பொருளை விற்று வாழ நினைக்கின்ற பிள்ளை, மற்றவர் எழுதியதைக் காசு கொடுக்காமல் எடுத்துத் தொழிலைத் தொடங்குவது அழகல்ல. அதைவிட, இருநூறு புத்தகம் வைத்திருப்பவர் ஒன்றையும் முடிப்பதில்லை. என்னிடம் வந்த ஒரு பிள்ளையின் பென் டிரைவில் அத்தனை புத்தகங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் முதல் இரண்டு அத்தியாயங்களை அவர் வாசித்திருந்தார். மாறி என்றால் என்ன என்பதைப் பல விதமாகச் சொல்லத் தெரிந்தது. கோப்பொன்றைத் திறந்து அதில் எழுதத் தெரியவில்லை.

மின்னூலில் இருக்கின்ற குறை

முதற் குறை வயது. 2008 டிசம்பரில் பைதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது, திரையில் அச்சிடுகின்ற சாதாரண கட்டளையே மாறியது. முன்னர் அடைப்புக்குறி இல்லாமல் எழுதலாம். இப்போது அடைப்புக்குறி கட்டாயம். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் காலத்துப் புத்தகங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பிள்ளை முதல் பக்கத்து உதாரணத்தை எழுத்துப் பிசகாமல் அடித்துப் பார்ப்பார், பிழை என்று வரும். தனக்கு மூளை போதாது என்று நினைத்து விட்டுவிடுவார். அங்கே பழையதாய்ப் போனது புத்தகம், பிள்ளையில் பிழை இல்லை. ஆகவே மருந்து வாங்கும்போது காலாவதித் திகதி பார்ப்பதுபோல, மின்னூலைத் திறந்தவுடன் வெளியான ஆண்டையும் மொழியின் பதிப்பு எண்ணையும் பாருங்கள்.

எல்லாம் ஒரே வேகத்தில் பழுதாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரையன் கெர்னிகனும் டெனிஸ் ரிட்சியும் எழுதிய சீ மொழி நூல் 1978இல் வந்தது. 1988இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பை இன்றும் வாசித்துப் பயன்பெறலாம். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கின்ற எஸ்.கியூ.எல். 1970களில் பிறந்தது. அதன் அடிப்படை இன்றும் அதேதான். மறுபுறம், வலைப்பக்கங்கள் செய்யப் பயன்படுகின்ற ரியாக்ட் 2013இல் வந்து, 2019 பெப்ரவரியில் எழுதும் முறையே பெருமளவு மாறியது. அதில் புதிய வேலையொன்றைத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளாகப் பலரும் பயன்படுத்திய கருவியை 2025 பெப்ரவரியில் அதைச் செய்தவர்களே கைவிட்டார்கள். அரிசியை மூட்டையாக வாங்கி வைக்கலாம், மீனை அன்றன்றுதான் வாங்க வேண்டும். அடிப்படைகள் அரிசி. அவற்றுக்குப் புத்தகம் போதும். ரியாக்ட் போன்றவை மீன். அவற்றுக்கு இணையம்தான் சரி.

இரண்டாவது குறை சிறியது போலத் தெரியும், ஆனால் புதியவர்களை அதிகம் வதைப்பது அதுதான். பீ.டி.எப். பக்கத்திலிருந்து செய்நிரலைப் பிரதி பண்ணி ஒட்டினால் வரியின் தொடக்கத்தில் உள்ள இடைவெளிகள் பல வேளைகளில் காணாமற் போகும். பைதனில் அந்த இடைவெளிக்கே பொருள் உண்டு. எந்த வரி எதற்குள் அடங்குகிறது என்பதை அதுதான் காட்டுகிறது. அச்சுக்காக வளைத்துப் போட்ட மேற்கோள் குறிகளையும் கணினி ஏற்காது. கைத்தொலைபேசியில் ஈபப் வாசித்தால் நீண்ட வரி மடிந்து இரண்டு வரியாகத் தெரியும். தீர்வு ஒன்றுதான். ஒட்டாமல் கையால் அடிக்க வேண்டும். அடிக்கும்போதுதான் கண்ணும் விரலும் அந்த மொழியைப் பிடிக்கின்றன. அதனால் இந்தக் குறையை ஒரு நன்மையாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

இணையம் தருவது பதில்

புத்தகத்திடம் கேள்வி கேட்க முடியாது. அதுதான் இணையத்தின் பெரிய பலம். இரவு பத்து மணிக்கு ஒரு பிழைச் செய்தி வந்தால் அந்த வரியை அப்படியே தேடிப் பார்க்கலாம். 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃபுளோவில், ஆரம்ப நிலையில் வரக்கூடிய அநேகமான பிழைகளுக்கு யாரோ ஒருவர் ஏற்கனவே பதில் சொல்லியிருப்பார்.

அடுத்தது, செய்து பார்த்து உடனே சரிபிழை அறிகின்ற வசதி. பிரீகோட்கேம்பில் பிரவுசருக்குள்ளேயே எழுதலாம். தவறாக இருந்தால் அடுத்த படிக்குப் போக விடாது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் திறந்த கற்றல் தளமொன்றில் வலைப்பக்க வடிவமைப்பு, ஆரம்பப் பைதன் முதலிய பாடநெறிகளை இலவசமாகவே நடத்தி, முடித்தவர்களுக்குச் சான்றிதழும் தருகின்றது. நம் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் சான்றிதழ் காசில்லாமல் கிடைக்கும்போது, பெரிய தொகை கேட்கின்ற வகுப்பில் சேர்வதற்கு முன் இதை முடித்துப் பார்ப்பது புத்தி. பணம் கட்டிப் படிக்கின்ற இடமொன்றில் கொடுத்த "டியூட்" ஒன்றை ஒரு பிள்ளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். இணையத்தில் யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய பாடங்களை அச்சடித்துக் கட்டிய கட்டு அது. எல்லா இடமும் அப்படியல்ல. நல்ல ஆசிரியர் இருக்கின்ற வகுப்புக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம், ஆசிரியருக்கா காகிதத்துக்கா என்று கேட்டறிவது பெற்றோரின் உரிமை.

இணையத்தின் செலவு

இணையத்தில் இலவசம் என்று போட்டிருந்தாலும் டேட்டா இலவசமல்ல. ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நடுத்தரத் தெளிவில் ஒரு மணிநேரக் காணொளிக்கு அரை ஜி.பி. செலவாகிறது என்று வையுங்கள். 40 மணிநேரப் பாடநெறி என்றால் 20 ஜி.பி. ஒரு பாடத்தை இரண்டு தடவை பார்த்தால் இன்னும் கூடும். 10 எம்.பி. அளவுள்ள மின்னூலை ஒரு தடவை இறக்கினால் செலவு அத்துடன் முடிந்தது. ஏறக்குறைய 2000 மடங்கு வித்தியாசம். எழுத்தாலான இணையப் பாடங்கள் இந்தக் கணக்கில் மின்னூலுக்குக் கிட்டவே வரும். எனவே டேட்டாவுக்குக் காசு எண்ணுகின்ற வீட்டில் முதலில் குறைக்க வேண்டியது காணொளியை. உங்கள் பேக்கேஜில் இரவு நேர டேட்டா தனியாக இருந்தால் காணொளிகளை அந்நேரம் பார்ப்பது அல்லது இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

டேட்டாவை விடப் பெரிய செலவு நேரம். காணொளி பார்க்கும்போது எல்லாம் விளங்கியது போலவே இருக்கும். சொல்லிக் கொடுப்பவரின் கை தடுமாறுவதில்லை, பார்ப்பவரும் தடுமாறுவதில்லை. பிறகு வெறும் திரையின் முன் உட்கார்ந்தால் முதல் வரி வராது. மற்றவர் நீந்துவதைக் கரையிலிருந்து பார்த்த மாதிரி. ஒரு மணிநேரம் பார்த்தால் குறைந்தது ஒரு மணிநேரம் தானே அடித்துப் பார்க்க வேண்டும் என்பது என்னிடம் வருகின்ற பிள்ளைகளுக்கு நான் போடுகின்ற நிபந்தனை. இணையத்தில் உள்ளது எல்லாம் புதியது என்று நினைப்பதும் பிழை. பத்து வருடத்துக்கு முந்திய காணொளியும் பதிலும் தேடலில் முன்னுக்கு வந்து நிற்கும். அங்கேயும் திகதி பார்க்கத்தான் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். "செய்து தா" என்று கேட்டால் அது செய்து தந்துவிடும், பிள்ளை ஒன்றும் படிக்காது. "இந்த வரியில் ஏன் பிழை வருகிறது, விளக்கு" என்று கேட்டால் பொறுமையான ஆசிரியர் போல விளக்கும். சில வேளைகளில் பிழையையும் அதே நம்பிக்கையோடு சொல்லும். அதைக் கண்டுபிடிக்க அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். ஆகவே முதல் மாதத்தில் விளக்கம் கேட்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தச் சொல்கிறேன்.

மின்சாரமும் சிக்னலும்

1990களின் முற்பகுதியில் குடாநாட்டில் இருந்தவர்கள் பல வருடங்கள் மின்சாரமே இல்லாமல் வாழ்ந்தார்கள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று மோதியதால் நாடே இருளில் மூழ்கியது. இணைப்பை மட்டும் நம்பிப் படிப்பவருக்கு அந்த நாட்கள் விடுமுறை. மடிக்கணினியின் பெற்றரியில் மின்னூல் வைத்திருப்பவருக்கு அப்படியல்ல. யாழ்ப்பாணத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே பஸ்ஸில் போய் வருகின்ற பிள்ளைக்கும் இதே நிலைதான்.

இணைய வளங்களிலும் இறக்கி வைக்கக்கூடியவை பல உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பைதனின் அதிகாரபூர்வ ஆவணங்களை ஈபப்பாகவோ வலைப்பக்கக் கட்டாகவோ இறக்கி வைத்துக்கொள்ளலாம். டெவ்டொக்ஸ் என்ற தளத்தில் தேவையான மொழிகளின் ஆவணங்களைத் தெரிவுசெய்து இணைப்பில்லாத நேரத்திலும் பார்க்கலாம். கிவிக்ஸ் என்ற செயலி விக்கிப்பீடியா போன்ற தளங்களை முழுதாகச் சேமித்து வாசிக்க உதவுகின்றது. மடிக்கணினி வாங்க இன்னும் வசதிப்படாத வீட்டில், அன்ட்ரொய்ட் தொலைபேசியில் பைட்ரொய்ட் என்ற செயலியைப் போட்டால் இணைப்பில்லாமலே பைதன் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். சிறிய திரையில் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் பிள்ளைக்கு இதில் நாட்டம் இருக்கிறதா என்பதை மடிக்கணினி வாங்குவதற்கு முன்னர் அறிந்துகொள்ள அது போதும்.

தமிழில் என்ன இருக்கிறது?

தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் முதல் சுவர். இதற்கும் வழி இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் 10ஆம், 11ஆம் தரங்களுக்கான தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடநூல்களைத் தமிழில் மின்னூலாக இலவசமாகத் தருகின்றது. செய்நிரலாக்கத்தின் அடிப்படை அவற்றில் பஸ்கால் மொழியில் இருக்கிறது. உயர்தரத்தில் அதே பாடம் பைதனுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய "கணியம்" இதழ் "எளிய தமிழில்" என்ற வரிசையில் மின்னூல்களை வெளியிட்டு வருகின்றது. து. நித்யா எழுதிய "எளிய தமிழில் மை எஸ்.கியூ.எல்." அவற்றுள் ஒன்று. யாரும் இறக்கி வாசிக்கலாம், பகிரலாம். அவர்கள் "நிரல்" என்று எழுதுவதை நம் பாடநூல்கள் "செய்நிரல்" என்று எழுதும். பொருள் ஒன்றே.

கருத்தைத் தமிழில் விளங்கிக்கொண்டு, கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஆங்கிலத்தில் பழகுவதுதான் நடைமுறைக்கு ஏற்றது. ஏனென்றால் கணினி பிழையைத் தமிழில் சொல்லப் போவதில்லை. ஒரு கொப்பியில் பிழைச் செய்தி ஒரு பக்கமும் அதற்கான தமிழ் விளக்கம் மறு பக்கமுமாக எழுதி வரச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் திரும்பத் திரும்ப வருகின்ற பிழைகள் இருபது முப்பதுக்கு மேல் இல்லை. அவை பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

யாருக்கு எது?

பரீட்சையை நோக்கிப் படிப்பவருக்கு, உதாரணமாக உயர்தரத்துக்கோ கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பீ.ஐ.டி. வெளிவாரிப் பட்டத்துக்கோ ஆயத்தமாகின்றவருக்கு, பாடத்திட்டமும் அதற்கான நூல்களும்தான் முதலில். இணையம் சந்தேகம் தீர்க்க மட்டும்.

மென்பொருள் நிறுவனத்தில் வேலை தேடுபவருக்கு அடிப்படைக்கு ஒரு மின்னூல், அதற்குப் பின் இணையப் பாடநெறி. வேலைக்கு எடுப்பவர்கள் இன்றைய கருவி தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள். பழைய புத்தகம் அங்கே உதவாது. 2012இலிருந்து யாழ் ஐ.டி. ஹப் நடத்தி வந்த "யாழ் கீக் சலன்ஞ்" போன்ற போட்டிகளிலும் செய்து காட்டுவதற்குத்தான் மதிப்பு.

வீட்டிலிருந்தே படிக்க விரும்புகின்ற பெண் பிள்ளைகளுக்கும், கடையில் நின்றுகொண்டே படிக்கின்ற ஆண் பிள்ளைகளுக்கும் மின்னூல் பொருத்தமானது. ஐந்து பக்கம் வாசிக்கலாம், வாடிக்கையாளர் வந்தால் மூடி வைக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வாசிக்க உட்கார்ந்தால் தூங்கி விழுகின்ற, ஆனால் செய்து காட்டினால் உடனே பிடித்துக்கொள்கின்ற பிள்ளைகளும் உண்டு. அவர்களை மின்னூலுக்குள் கட்டிப் போடாதீர்கள். பிரீகோட்கேம்ப் போன்ற, கையால் செய்ய வைக்கின்ற பாடநெறி அவர்களுக்கு ஏற்றது.

மூன்று மாதக் கணக்கு

என் முடிவு இதுதான். ஒரே ஒரு மின்னூலைப் பாதையாக வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தை வழியில் கேட்டறிவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். 400 பக்கப் புத்தகத்தை நாளொன்றுக்கு ஐந்து பக்கம் என்று எடுத்தால் 80 நாளில் முடியும். வெள்ளிக்கிழமையும் பெருநாளும் கழித்தால் ஏறக்குறைய மூன்று மாதம். அந்த ஐந்து பக்கத்தில் உள்ள ஒவ்வொரு உதாரணத்தையும் கையால் அடிக்க வேண்டும். அரை மணிநேரம் முயன்றும் விடை வராவிட்டால் மட்டும் இணையத்துக்குப் போக வேண்டும். இடையில் "இதைவிட நல்ல புத்தகம்", "இதைவிட நல்ல காணொளி" என்று யார் சொன்னாலும் குறித்து வைத்துக்கொண்டு, கையில் உள்ளதை முடித்த பின் பார்க்க வேண்டும்.

படிப்பு ஏறுகிறதா என்று பார்க்கப் பெற்றோருக்குப் புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடையில் கடன் கொப்பி இருக்கிறதல்லவா? முதல் மாத முடிவில், பெயரும் தொகையும் கொடுத்தால் மொத்தக் கடனைக் கூட்டிச் சொல்கின்ற செய்நிரல் ஒன்றைப் பிள்ளை காட்ட வேண்டும். இரண்டாம் மாத முடிவில், கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டாலும் அந்தக் கணக்கு அழியாமல் கோப்பில் இருக்க வேண்டும். மூன்றாம் மாத முடிவில், யார் முப்பது நாளுக்கு மேல் காசு தரவில்லை என்று கேட்டால் பட்டியல் வர வேண்டும். கொப்பியையும் திரையையும் பக்கத்தில் வைத்து நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். தொகை ஒரு சதம் பிசகாமல் வந்தால், மடிக்கணினிக்கோ நல்லதொரு வகுப்புக்கோ பட்டப்படிப்புக்கோ தைரியமாகக் காசு போடலாம். மூன்று மாதமும் முயன்று ஒன்றும் சரிவராவிட்டால், பெரிய தொகை கட்டுவதற்கு முன்னரே அது தெரிய வந்துவிட்டது. பிள்ளையைக் குறை சொல்லாமல் வேறொரு தொழிலைப் பற்றிப் பேசலாம்.